பார்த்தால் அணைகிற அடுப்பு

ஒத்தவேம்பு விலக்கில், ரோடு பிரிந்து பஸ் நின்று போகிற இடத்தை ஒட்டி, 'நம்பி கிரில் சிக்கன்' என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டிய கடையில், ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுப்பு எரிய மறுத்தது. ஒரேயடியாக மறுத்தது என்றும் சொல்ல முடியாது, நம்பிராசன் லைட்டரைத் தட்டினால் நாலு வரிசைப் பர்னரிலும் நீலமாக எட்டிப் பார்க்கும், அவன் குனிந்து கண்ணாடிக் கதவு வழியாக நோக்கிய மறுநொடி அத்தனையும் உள்ளே போய்விடும், நிமிர்ந்து தலையைச் சொறிந்தபடி ரோட்டைப் பார்த்தால் முதுகில் சூடு அடிக்கும், திரும்பினால் பழையபடி இருட்டு. கம்பியில் கோத்த கோழிகள் மோட்டாரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. பஸ்ஸுக்கு நின்ற ஐந்தாறு பேர், வேறு வேலை இல்லாததால், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

பக்கத்து ஊரிலிருந்து மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் அடுப்பு ரிப்பேர்க்காரர் செபஸ்தியானை ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். அவர் முப்பது வருஷமாக ஊர் ஊராக அடுப்புகளின் வயிற்றைக் கழற்றிப் பார்த்தவர், எந்த அடுப்பையும் நோயாளியைப் போலத்தான் விசாரிப்பார்.

"சிலிண்டர் எப்ப மாத்துனீங்க அண்ணாச்சி?"

"ஞாயித்துக்கிழமதான்."

"வால்வைப் படக்குன்னு தொறந்தீங்களோ? அப்பிடித் தொறந்தா ரெகுலேட்டர் மிரண்டு போயி அடைச்சுக்கிடும். பச்சப்புள்ளைக்குக் கதவு தொறக்க மாதிரி மெல்லத் தொறக்கணும்."

மெல்லத் திறந்து பார்த்தார். டியூபில் சோப்புத் தண்ணீர் தடவி எங்கேயாவது நுரை கொப்புளிக்கிறதா என்று பார்த்தார், கொப்புளிக்கவில்லை. ஜெட்டைக் கழற்றி ஊசி விட்டுக் குத்தினார், காற்றுத் துவாரத்தைக் கூட்டிக் குறைத்தார், பர்னர் குழாயைக் கழற்றித் தரையில் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு சிலந்திக்கூடு விழுந்தது, அதன் பின்னால் சிலந்தியும் இறங்கி நடந்து போனது. "இந்தா, ஆளு மாட்டிக்கிட்டான்," என்றார் செபஸ்தியான். நின்றவர்கள் எல்லோரும் சிலந்தியைத் திட்டினார்கள், நம்பிராசன் மட்டும் அது சிலந்தியாகவே இருக்க வேண்டும் என்று மனசுக்குள் குலதெய்வத்தைக் கும்பிட்டான்.

அது சிலந்தி இல்லை. குழாயை மாட்டி லைட்டரைத் தட்டிவிட்டு ஸ்பேனரை எடுக்கத் திரும்பிய செபஸ்தியானின் முதுகில் சுள்ளென்று சூடு பட்டது, திரும்பிப் பார்த்தார், அடுப்பு அணைந்திருந்தது. நாலு தடவை திரும்பினார், நாலு தடவையும் அப்படியே. பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அடுப்புல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. அதுக்குக் கூச்சம். யாரும் பாத்தா எரியாது."

"கூச்சமா?"

"இதெல்லாம் உள்ளதுதான். கீழப்பட்டியில ஒரு மாவு மில்லு, வெளியூர் ஆளு நின்னா ஓடாது. இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடையாது. நீங்க அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டுப் பத்த வைங்க. ஒண்ணு மட்டும் மறந்திராதீங்க, முதல்ல லைட்டரு, அப்புறம்தான் கேஸு. மாத்திச் செஞ்சா புருவம் இருக்காது." வண்டியில் ஏறியவர் காலை ஊன்றி நின்றார். "கூச்சம் சும்மா வராதே. அது முன்னால வச்சு ஏதும் நடந்துச்சா?"

"ஒண்ணும் நடக்கலயே," என்றான் நம்பிராசன்.

நடந்திருந்தது. விலக்கின் பின்னால் இருக்கும் மேலத்தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், சாதி சனம், வேண்டியவன் வேண்டாதவன் என்ற பேச்சில்லாமல், பாடை தெருமுனையைத் தாண்டுகிறவரை ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், கைக்குழந்தைக்குப் பால்கூட ஊருக்கு வெளியிலிருந்து பிளாஸ்கில்தான் வரும். போன சனிக்கிழமை விடியற்காலை பஞ்சாயத்துத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் பேச்சிமுத்து தொட்டிப் படியிலேயே உட்கார்ந்து செத்துப்போனார், குழாயில் தண்ணீர் வராததைப் பார்த்துத்தான் தெரு விஷயத்தைத் தெரிந்துகொண்டது. மகன் சவுதியிலிருந்து வந்து சேர வேண்டியிருந்ததால் ஐஸ் பெட்டிக்குள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை கிடந்தார். பெட்டியின் தலைமாட்டில் அவருடைய ஒரே மகள் உச்சிமாகாளி, தாயில்லாத பிள்ளை, சனிக்கிழமை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

நம்பிராசனிடம் கபடிப் போட்டிக்காக மசாலா தடவிய இருபத்திரண்டு கோழிகள் இருந்தன. ஞாயிறு மத்தியானம் ஐஸ் கரைந்து கோழிகள் லேசாக மணம் மாறத் தொடங்கின. ஒரு மணி நேர வேலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவன் ஷட்டரை உள்பக்கமாக இறக்கிவிட்டு, புது சிலிண்டரை மாட்டி, இருட்டுக்குள் அடுப்பைப் பற்றவைத்தான். முன்வாசலை மூடியவனுக்குப் பின்பக்கம் நினைவுக்கு வரவில்லை. கடையின் புகைக்குழாய் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு பேச்சிமுத்துவின் வீட்டு முற்றத்தைப் பார்த்துத்தான் திறந்திருந்தது. குழாய் மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரே பேச்சிமுத்துதான். "எங்க பக்கமே விடு மாப்ள, வாசத்தையாவது சும்மா திம்போம்," என்று சொல்லிச் சிரித்தவர் அவர்.

சாவு வீட்டிலிருந்து துண்டு எடுக்க வந்த அவன் மனைவி சொர்ணம் மூக்கை உறிஞ்சினாள். "கறி வாசம் அடிக்கே, யாரு அடுப்புப் பத்த வச்சது?" என்றாள். "பைபாஸ் ஓட்டல்ல இருந்து காத்துல வருது," என்றான் அவன், சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. அவள் நம்பிவிட்டுப் போனாள். கோழிகள் வேனில் ஏறிப் போயின, பாடை தெருமுனையைத் தாண்டியது, அவனும் தோள் கொடுத்தான். இருட்டுக்குள் அவன் முகத்தைப் பார்த்தது அடுப்பு ஒன்றுதான். திங்கட்கிழமை கடை திறக்கவில்லை, செவ்வாய்க்கிழமை அடுப்புக்குக் கூச்சம் வந்துவிட்டது.

விலக்கு இதை ஏற்றுக்கொள்ள நாலு நாள்கூட ஆகவில்லை. பெஞ்சுகளையெல்லாம் ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு நம்பிராசன் "திரும்பிக்கோங்கம்மா, திரும்பிக்கோங்கய்யா" என்று குரல் கொடுப்பான், சாப்பிட வந்தவர்கள், ஆட்டோக்காரர்கள், பூக்கட்டுகிறவள், பால் ஊற்ற வந்தவன், வேப்பமரத்தடியில் சும்மா கிடக்கிறவன் என்று அத்தனை பேரும் கடைக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், அவனும் முதுகைக் காட்டிக்கொண்டு கையைப் பின்னால் நீட்டி முதலில் லைட்டரையும் பிறகு கேஸையும் திருகுவான், பின்னாலிருந்து 'பப்' என்று சத்தம் வந்ததும் "ஆச்சு" என்பான். ஐந்தே முக்கால் பஸ்ஸின் கண்டக்டர், வண்டி வளைவு திரும்பும்போதே, "ஒத்தவேம்பு எறங்குற ஆளு எறங்கிக்கோங்க, மத்தவங்க எடது பக்கம் பாக்காதீங்க, ஒரு ஆளு பொழப்பு," என்று சொல்லிவிடுவார், ஐம்பது தலைகள் வலது பக்கம் திரும்பும். பஞ்சாயத்திலிருந்து 'அடுப்பைப் பார்க்காதீர்' என்று ஒரு பலகை வைத்தார்கள். இன்ஜினீயரிங் படிக்கிற ஒருவன் கெட்டிக்காரத்தனமாகச் செல்போனை ஒளித்து வைத்துப் படம் பிடித்தான், படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது, வீட்டுக்குப் போய் அதை அவன் ஓட்டிப் பார்த்த நிமிஷம் கடையில் அடுப்பு அணைந்து பதினெட்டுக் கோழிகள் பாதி வேக்காட்டில் நின்றன. மறுநாள் அவன் அப்பா காதைப் பிடித்துக் கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் அதை அழிக்க வைத்தார்.

அம்மன் கோயில் பூசாரிக்கு இதில் அதிசயமே படவில்லை. "சாமிக்குப் படைக்கும்போது நாம திரை போடுதோமா இல்லையா? அதுக்கும் கூச்சம் இருக்கும்லா," என்றார். நம்பிராசன் கண்ணால் பார்க்காமல் மூக்காலும் காதாலும் கோழி சுடப் பழகினான், கொழுப்பு சொட்டுகிற சத்தத்தை வைத்துக் கம்பியை ஏற்றி இறக்கினான், முன்பைவிட ருசி கூடிவிட்டது என்று வள்ளியூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

பார்க்காமல் இருக்கப் பழகிய கண்கள் கடையோடு நிற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் தேறாமல் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பெண்ணை யாரும் நிறுத்தி மார்க்கு கேட்கவில்லை, தெரு முழுக்க ஏதோ வேலையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. புருஷனோடு சண்டை போட்டுப் பெட்டியோடு வந்த ஒருத்தியை வாசல் வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்த ஆட்டோ இசக்கிப்பாண்டியைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் தூக்கிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து நம்பிராசனைப் பாராட்டினார்கள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "அடுப்புக்கே இவ்வளவு மானம் மருவாதி இருக்குன்னா அதைக் கட்டி ஆளுதவன் எப்பிடிப்பட்டவனா இருக்கணும்," என்று பூசாரி நாலு பேர் நடுவில் சொன்னபோது அவனுக்குக் காது மடல் எரிந்தது. கடை பெருகப் பெருக அவன் சிறுத்துப்போனான். முகம் மழிக்கும்போதுகூடக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தடவிப் பார்த்து மழித்தான், தாடையில் இரண்டு இடத்தில் எப்போதும் வெட்டுக்காயம் இருந்தது.

எல்லாவற்றையும்விட உச்சிமாகாளியைப் பார்க்கத்தான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவும் மகளும் வருவார்கள், அவளுக்கு லெக் பீஸ், அவருக்குக் கழுத்தும் இறக்கையும். இப்போது அடுப்பு எரிகிற நேரத்தில் அவள் துப்பட்டாவால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, வாய்விட்டுக் கேட்காமல் என்னைக் காறித் துப்புகிறாள் என்று நம்பிராசன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது, தண்டனை நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று.

முப்பத்தைந்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டே சொர்ணம் சொன்னாள்.

"உச்சிமாளி நேத்து ஜெராக்ஸ் கடையில மயங்கி விழுந்துட்டா. ஒரு நேரம்தான் திங்காளாம், அதுவும் வெறுஞ்சோறு. ஏம்ட்டின்னு உலுக்கிக் கேட்டேன், அழுதுட்டா. அப்பா பொணமாக் கெடக்கும்போது அவளுக்குக் கறி வாசம் அடிச்சுதாம். எச்சி ஊறிச்சாம்."

நம்பிராசன் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தான்.

"'அத்த, தெருவுல யாராச்சும் அடுப்புப் பத்த வச்சாங்களா'ன்னு கேட்டா. நான் அம்மன் கோயில் படியில அடிச்சு சத்தியம் பண்ணுனேன், யாரும் பத்த வைக்கலட்டி, பைபாஸ் ஓட்டல் வாசம்னு. அந்த ஓட்டலை ஆடியிலயே மூடிட்டானாமே, எனக்கு எங்க தெரியும்? அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப அந்த வாசம் எனக்குள்ள இருந்துதான் வந்திருக்குன்னு சொல்லுதா. பெத்தவன் கெடக்கும்போது கறிக்கு ஆசப்பட்ட வாயிக்குச் சோறு எதுக்குன்னு சொல்லுதா." சொர்ணம் கண்ணைத் துடைத்தாள், வெங்காயம் உரித்த கையால் துடைத்ததில் இன்னும் எரிந்தது. "பாவம், கிறுக்குப் பிடிச்சிரும்போல இருக்கு அந்தப் பிள்ளைக்கு."

உச்சிமாகாளிக்குத் தெரியாது. அவள் அவனைத் தண்டிக்கவே இல்லை. அவன் செய்ததை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து நாளாகப் பட்டினி கிடக்கிறாள். நம்பிராசன் எழுந்து கடையின் பின்பக்கம் போய், புகைக்குழாய்க்குக் கீழே, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். இதற்கு முன்னால் பட்ட வெட்கம் எல்லாம் வெறும் பயம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு வழக்கம்போலக் குரல் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நாற்பது பேருக்கு மேல் இருக்கும், எல்லோரும் ரோட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வாசலில் உச்சிமாகாளியும் மூக்கைப் பொத்திக்கொண்டு இவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நம்பிராசன் கையைப் பின்னால் நீட்டி லைட்டரைத் தட்டினான், கேஸைத் திருகினான், 'பப்' என்றது. ஆனால் அவன் "ஆச்சு" என்று சொல்லவில்லை.

"எல்லாரும் அப்பிடியே இருங்க," என்றான். "யாரும் திரும்பாதீங்க. திரும்புனா எனக்குப் பேச வராது."

முதுகுகள் அசையவில்லை. இசக்கிப்பாண்டி சொறிய எடுத்த கையைப் பாதியில் நிறுத்தினான்.

"பேச்சிமுத்து மச்சான் பெட்டியில கெடக்கும்போது, ஞாயித்துக்கிழம மத்தியானம், ஷட்டரைப் போட்டுக்கிட்டு நான் அடுப்புப் பத்த வச்சேன். கோழி கெட்டுப் போயிருமேன்னு பத்த வச்சேன். வேற ஒரு காரணமும் இல்ல. சொர்ணத்துகிட்டப் பொய் சொன்னேன், அவ அதை நம்பிச் சத்தியம் பண்ணிட்டா. உச்சிமாளி..." ரோட்டைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினான். "தாயி, அந்த வாசம் ஒனக்குள்ள இருந்து வரல. என் குழாயில இருந்து வந்துச்சு. நான் மனுசனே இல்ல."

பஸ் எதுவும் வரவில்லை. சொர்ணம் கையிலிருந்த வெங்காயத் தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

முதலில் பேசியது இசக்கிப்பாண்டியின் முதுகு. "எனக்கும் அடிச்சுது அண்ணாச்சி. பாடைக்குக் கம்பு கட்டிக்கிட்டு இருந்தேன். எச்சிய முழுங்கிக்கிட்டே கட்டுனேன். வெளிய சொன்னா கேவலம்னு இருந்துட்டேன்."

"நான் வீட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கிட்டுப் பொடி தொட்டுப் பழைய இட்லி தின்னேன்," என்றாள் பூக்கட்டுகிறவள், தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டு. "ஒப்பாரி வைக்க வந்தவ நான்."

சாவுக்குச் சங்கு ஊதுகிற கந்தையா இருமினார். "அன்னைக்குச் சங்கு ரெண்டு தரம் புஸ்ஸுன்னு போச்சே, ஞாபகம் இருக்கா? வாயெல்லாம் எச்சி."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். அதற்குள் உச்சிமாகாளி திரும்பியிருந்தாள். அந்த விலக்கில் அப்போது கடையைப் பார்த்து நின்றவள் அவள் ஒருத்திதான். ரோட்டைத் தாண்டி, முதுகுகளுக்கு நடுவே புகுந்து வந்து, நம்பிராசனுக்கு நேரே நின்றாள். துப்பட்டா மூக்கிலிருந்து நழுவியிருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"முப்பத்தஞ்சு நாளு மாமா," என்றாள். "என்னை நானே பேயின்னு நெனச்சிட்டேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடித்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. எங்கப்பாவுக்கு மட்டும் எந்திரிக்க முடிஞ்சிருந்தா, எம்பிள்ள ரெண்டு நாளாப் பட்டினின்னு அவரே வாசத்தப் பிடிச்சுக்கிட்டு வந்து ஒங்ககிட்டக் கேட்டு வாங்கியிருப்பாரு." அழுதாள். துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். "மாமா, அடுப்பு எரியுது."

"பாக்காத தாயி, அணைஞ்சிரும்."

"நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எரியுது."

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நாலு வரிசையிலும் நீலம் ஒரே சீராக நின்றது, நாற்பது ஜோடிக் கண் பட்டும் அசையவில்லை. நம்பிராசன் கடைசியாகத் திரும்பினான். அவன் பார்த்தபோது மட்டும் சுடர் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு நிமிர்ந்தது, அவனும் தலையைத் தாழ்த்திக்கொண்டான். "கோயில் படிய நாப்பத்தெட்டு நாளு நீங்கதான் கழுவுதீங்க," என்றாள் சொர்ணம் அவனிடம், அதற்குமேல் அன்று அவனோடு பேசவில்லை.

"லெக் பீஸ் இருக்கா?" என்று உச்சிமாகாளி கேட்டாள்.

வேக இன்னும் இருபது நிமிஷம் ஆகும் என்றான். அவள் பெஞ்சைக் கடைப்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தீயைப் பார்த்தபடியே காத்திருந்தாள். வெந்ததும் அவன் வாழை இலையில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். அவள் துண்டைக் கையில் எடுத்தாள், வாய் வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள். சுற்றிலும் நாற்பது பேர் நின்றார்கள்.

யாரும் குரல் கொடுக்கவில்லை. முதலில் பூக்கட்டுகிறவள் ரோட்டுப் பக்கம் திரும்பினாள், பிறகு கந்தையா, பிறகு இசக்கிப்பாண்டி, பிறகு எல்லோரும், கடைசியில் அடுப்பைப் பார்த்து நின்ற நம்பிராசனும். வளைவு திரும்பி வந்த ஐந்தே முக்கால் பஸ், அன்றைக்குத் தாமதமாக வந்த பஸ், பழக்கத்தில் தன் ஐம்பது தலைகளையும் வலது பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. அத்தனை முதுகுகளுக்கும் பின்னால் ஒரு பெண் எலும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது, நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. அவள் இன்னொரு துண்டு கேட்கிறவரை ஒருவரும் திரும்பவில்லை.